ஜீப்புக்கு ஒரு கூண்டு

சென்ற இதழில் மணியார்டர் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, நடைப்பயிற்சியின்போது நிறுத்திப் பேசியவர்களுக்கு நன்றி. இந்த முறை எழுத வேண்டிய விஷயம் நம் பார்க்கிங்கிலேயே நிற்கிறது.

இரண்டு மாதமாக பி பிளாக் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய ஜீப் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "அந்தத் தகர டப்பா யாருடையது?" என்று செயற்குழுவில்கூடக் கேள்வி வந்தது. அது பி பிளாக் தம்பி ஒருவருடையது. 1970-இல் பதிவான மஹிந்திரா சி.ஜே. 3பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டு மணியை அடித்து, "அங்கிள், ஜீப்புக்கு ரோல் கேஜ் போடப் போறேன். பட்டறையில மூணு டிசைன் காட்டுறாங்க. அம்மா உங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

ரோல் கேஜ் என்றால், வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு. நான் பி.காம். படித்து வங்கியில் பேரேடு எழுதியவன். மெக்கானிக் அல்ல. ஆனாலும் அந்த அம்மா ஏன் என்னிடம் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். ஒரு நவராத்திரி கொலுவின்போது என் மனைவி அவரிடம் அண்ணனின் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

1980-களில் நான் போடிநாயக்கனூரில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அங்கே விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். எங்கள் கிளையின் கடைநிலை ஊழியரை எல்லோரும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு விடுமுறை நாளில் மேலே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் கிடைத்த ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது. பள்ளத்தில் விழவில்லை. வேகமும் இல்லை. ஒரே ஒரு புரட்டுதான். பின்னால் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டு காயத்தோடு தப்பினார்கள். முன்னால் இருந்த அண்ணன் மேல் வண்டி விழுந்தது. அவர் மனைவிக்காக பி.எஃப்., கிராஜுவிட்டி விண்ணப்பங்களை நிரப்பியவன் நான். 'இறப்புக்கான காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் அடி உயரத்துக்கு உறுதியான இரும்பு ஒன்று மேலே இருந்திருந்தால் அந்தக் கட்டமே தேவைப்பட்டிருக்காது.

அதனால் தம்பியிடம், "ஒரு வாரம் டைம் கொடுப்பா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படித்ததன் சுருக்கம் இது.

கூரை இல்லாமல் பிறந்த வண்டி

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி வேண்டும், முதல் மாதிரியை 49 நாளில் தர வேண்டும் என்பது நிபந்தனை. எடை 1,300 பவுண்டு, அதாவது சுமார் 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பேண்டம் என்ற சிறு நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைந்து, செப்டம்பரில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு பெரிய ஆர்டர் வில்லிஸ் நிறுவனத்துக்கும், அதே வடிவத்தில் செய்துதர ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

கேட்ட எடைக்குள் யாராலும் செய்ய முடியவில்லை. கடைசியில் அது ஒரு டன்னைத் தாண்டியது. ஆனால் எடையைக் குறைக்க வேண்டும், எதிரி கண்ணில் படாமல் தாழ்வாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களும் வண்டியின் உருவத்தில் நிலைத்துவிட்டன. கதவு இல்லை, இரும்புக் கூரை இல்லை. முன் கண்ணாடிச் சட்டத்தையும் பானெட் மேல் மடக்கிவிடலாம். வண்டி தலைகீழானால் சாலைக்கும் மனிதத் தலைக்கும் இடையில் தாங்க எதுவுமில்லை. போர்க்களத்தில் அதைப் பெரிய குறையாக யாரும் நினைக்கவில்லை.

போர் முடிந்ததும் அதே வண்டி விவசாயிகளுக்கு விற்பனைக்கு வந்தது. இங்கே 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. அதன் பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு 1953-இல் அமெரிக்காவில் வந்த சி.ஜே. 3பி மாடலை உரிமம் பெற்று பல்லாண்டு காலம் தயாரித்தார்கள். உயரமான இன்ஜினுக்காக பானெட்டை உயர்த்திய அந்த மாடல்தான் நம் பார்க்கிங்கில் நிற்பது. பானெட் உயர்ந்தது. தலைக்கு மேல் மட்டும் எதுவும் வரவில்லை.

விழித்துக்கொண்ட டிராக்டர்காரர்கள்

கவிழும் வண்டிக்குக் கூண்டு வேண்டும் என்பதைச் சட்டமாக்கியது பந்தய உலகம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் விவசாயமும் அதைச் சட்டமாக்கியது. சுவீடன் நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர்கள் இறப்பது அதிகமாக இருந்தது. கனமான ஊசல் எடையை ஆட்டிவிட்டு, பாதுகாப்புச் சட்டத்தின் மேல் மோதவைத்துச் சோதித்தார்கள். 1959 முதல் புது டிராக்டர்களுக்கு அந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். இறப்புகள் படிப்படியாகக் குறைந்து, அரிதாகிவிட்டன. அமெரிக்காவில் ஜான் டீர் நிறுவனம் 1966-இல் இதே வகைச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து, அந்த வடிவமைப்பை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வளைவுக் குழாய் கட்டாயமானது 1961-இல்.

ஜீப் உலகம் மெதுவாகத்தான் விழித்தது. அமெரிக்க ராணுவம் 1960-இல் எம்151 என்ற புதிய ஜீப்பைச் சேர்த்துக்கொண்டது. அதன் பின்சக்கர அமைப்பு வேகமாகத் திரும்பும்போது வண்டியைக் கவிழ்த்துவிடும் என்று தெரிந்தது. 1970 வாக்கில் அந்த அமைப்பைத் திருத்தினார்கள். 1980-களில் கூண்டும் பூட்டினார்கள். ஓய்வுபெற்ற வண்டிகளைப் பொதுமக்களுக்கு அப்படியே விற்காமல் துண்டுபோட்டார்கள். சி.ஜே. 5 ஜீப் கவிழ்வது பற்றி 1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்து பெரும் பரபரப்பானது. அதில் காட்டிய சோதனை நடந்த விதம் பற்றிப் பிறகு கேள்விகளும் எழுந்தன. ஆனாலும் இத்தகைய குட்டை வண்டிகளில் 'சட்டென்று திருப்பினால் கவிழும்' என்று எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என 1984-இல் அங்கே விதி வந்தது.

கவிழும் கணக்கு

இங்கேதான் ஒரு கிளார்க்குக்கு வேலை வந்தது. இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, பாரமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை பெரியதாக இருந்தால் வண்டி நிலையானது. சாதாரண கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். தம்பியின் ஜீப்பில் சக்கர அகலம் சுமார் 123 செ.மீ. பாரமையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 61.5-ஐ 60-ஆல் வகுக்க, விடை 1.03.

இப்போது கூண்டைச் சேர்ப்போம். எஃப்.ஐ.ஏ. என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதிப்படி, கூண்டின் முக்கிய வளைவுக்குக் குழாயின் வெளிவிட்டம் 45 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும். 45 மி.மீ. குழாய் ஒரு மீட்டர் சுமார் 2.6 கிலோ. 20 மீட்டர் பிடித்தால் 52 கிலோ, அதுவும் உயரத்தில். ஒரு டன் வண்டியில் சுமார் 50 கிலோவை 120 செ.மீ. உயரத்தில் வைத்தால், பாரமையம் கிட்டத்தட்ட 3 செ.மீ. ஏறும். 1.03 என்பது 0.98 ஆகும். கவிழ்ந்தால் காப்பாற்ற வைக்கும் கூண்டே, கவிழும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. வரவும் செலவும் ஒரே வவுச்சரில். ஆகவே தேவையான குழாய் மட்டும் போதும். அதன்மேல் நான்கு விளக்கும் சாமான் கேரியரும் வேண்டாம்.

மூன்று டிசைன்

அடுத்த ஞாயிறு தம்பி மூன்று படங்களையும் கொண்டுவந்தார். முதலாவது, முன்சீட்டுக்குப் பின்னால் ஒரே வளைவும் அதைத் தாங்க இரண்டு சாய்குழாய்களும். இரண்டாவது, முன்னும் பின்னும் வளைவுகளோடு ஆறு இடத்தில் ஊன்றும் முழுக் கூண்டு. மூன்றாவது, பளபளக்கும் எஸ்.எஸ். பைப்பில் வண்டிக்கு வெளியே. விலையும் மூன்றாவதுக்குத்தான் அதிகம். அவர் கண்ணும் அதில்தான்.

நான் சொன்னது இவ்வளவுதான். ஒன்று, குழாய். தண்ணீர்க் குழாயும் மாடிப்படிக் கைப்பிடி பைப்பும் கூண்டு ஆகாது. எஃப்.ஐ.ஏ. கேட்பது குளிர்நிலையில் இழுத்த, இணைப்பு இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் சுருக்கமோ தட்டையோ தெரிந்தால் அந்தக் குழாய் ஏற்கெனவே பாதி தோற்றுவிட்டது.

இரண்டு, கால். பந்தயக் கார்களில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட தகடு, மூன்று எட்டு மி.மீ. போல்ட்டுகள். ஜீப்பில் இன்னொரு சிக்கல். மெல்லிய தகர பாடி, ரப்பர் வைத்து சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. 50 வருடம் துரு தின்ற தரையில் காலை ஊன்றினால், வண்டி புரளும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். பாரம் சேஸிஸுக்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். அதே சமயம் பாடி அசைவதற்கு இடம் விடாமல் இறுக்கினால் தகரம் விரிசல் விடும். இதை யோசித்துப் பதில் சொல்லும் பட்டறையிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும்.

மூன்று, பெல்ட். அந்தக் கால ஜீப்பில் சீட் பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாமல் கூண்டு மட்டும் போட்டால், கவிழும்போது ஆள் உள்ளுக்குள்ளேயே உருண்டு அந்தக் குழாயிலேயே தலையை மோதிக்கொள்வார். தலை படும் இடமெல்லாம் கெட்டியான ஃபோம் சுற்ற வேண்டும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "பின்னாடி யார் உட்காருவா?"

"அக்கா பசங்க ரெண்டு பேர், அங்கிள். மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். முதல் டிசைனில் வளைவு முன்சீட்டோடு முடிகிறது. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு மேலே சாய்குழாய் தவிர எதுவுமில்லை. முழுக் கூண்டிலும் பக்கவாட்டு பெஞ்சில் சரியான பெல்ட் பூட்ட இடமில்லை. தம்பி வெகுநேரம் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டில் வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அடுத்து, 2021-இல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் வண்டி பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது.

தம்பிக்கு விண்டேஜ் பதிவும் வேண்டும், மலையும் வேண்டும். கூண்டை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் பழைய வடிவம் போயிற்று. கூண்டு இல்லாமல் கரடுமுரடான மலைப் பாதையில் ஓட்டினால் அண்ணனின் கதைதான். இரண்டையும் ஒரே வண்டியில் எதிர்பார்க்கக் கூடாது என்று என் கருத்தைச் சொன்னேன். எதைத் தேர்ந்தாலும் பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாய்மொழி அனுமதிக்கு வங்கியிலும் மதிப்பில்லை, விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் மதிப்பில்லை.

கடந்த வாரம் அவர் முடிவைச் சொன்னார். வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் பூட்டிக் கழற்றக்கூடிய இரண்டாவது டிசைன். முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட். அதற்கும் ஆர்.டி.ஓ. பதில் வந்த பிறகுதான். அனுமதி கிடைக்காவிட்டால் மலை கிடையாது, அணிவகுப்பு மட்டும். பின் பெஞ்சைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அக்கா பிள்ளைகளுக்கு நம் வளாகத்துக்குள் ஒரு சுற்று மட்டும், அதுவும் முன்சீட்டில், ஒருவர் மாற்றி ஒருவர். அவருடைய அம்மாவுக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. "வித்துட்டா நல்லா இருக்கும்" என்றுதான் என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆர்.டி.ஓ. பதில் வரும்வரை ஜீப் தார்ப்பாய்க்குள் அதே மூலையில்தான் நிற்கும். அடியில் எண்ணெய் ஒழுகாமல் தட்டு வைத்திருக்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பழைய ஜீப்போடு எடுத்த குடும்பப் படம் இருந்தால் எனக்குக் காட்டுங்கள், அடுத்த இதழில் போடலாம்.

– ஏ பிளாக்கிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்