மெசியேயின் எழுபத்துமூன்றாம் பொருள்

பரிஸ் நகரத்து வானியலாளர் சார்ள்ஸ் மெசியே வால்வெள்ளிகளைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். வால்வெள்ளியொன்று முதன்முதற் புலப்படும்போது மங்கிய புகைத்திட்டாகவே தோன்றும். அத்தோற்றத்தையே உடையனவாய், ஆனால் இடம்பெயராது நிற்கும் பொருள்களும் வானிற் பலவுள. இவற்றைக் கண்டு மயங்காதிருத்தற்பொருட்டு அவர் தொகுத்த பட்டியலே இன்று அவர் பெயரை விளக்கி நிற்கின்றது; அவர் கண்ட வால்வெள்ளிகளை நினைப்பார் சிலரே.

1780ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாளிரவு அவர் கும்பராசியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பட்டியலில் 72ஆம் இடம்பெற்ற பொருளுக்குக் கிழக்கே மூன்று அல்லது நான்கு சிறு உடுக்கள் நெருங்கி நிற்பதையும், முதற்பார்வையில் அவை புகையுருவை ஒத்திருப்பதையும், அவற்றிடையே சிறிதளவு புகைப்படலம் உள்ளதுபோலத் தோன்றுவதையும் குறித்து, அதனை 73ஆம் பொருளாகப் பதிந்தார். பரிஸில் அப்பகுதி அடிவானிலிருந்து முப்பது பாகையளவும் உயர்வதில்லை. தாழ்ந்த வானின் தடித்த வளியூடே சிறிய தொலைகாட்டியாற் கண்டவருக்கு, இல்லாத புகை இருப்பதுபோலத் தோன்றியதில் வியப்பில்லை.

மெசியேயின் 47ஆம், 48ஆம் பொருள்கள் அவர் தந்த இடங்களிற் காணப்படாமையால் நெடுங்காலம் தொலைந்தனவாகவே எண்ணப்பட்டன. 73க்கு அந்நிலை நேரவில்லை. முந்திய பொருளின் அகலக்கோட்டிலேயே இது அமைந்துள்ளதென அவர் எழுதிவைத்தமை பெருந்துணையாயிற்று. 72ஐத் தொலைகாட்டியின் நடுவே நிறுத்தி, கருவியை அசைக்காது ஐந்தரை நிமிடமளவு காத்திருப்பின், புவியின் சுழற்சியே 73ஐக் கண்முன் கொணர்ந்துவிடும். இலங்கையில் ஒக்டோபர் முற்பகுதியில் இரவு எட்டு மணியளவில் இது உச்சிவானுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் நிற்கும். வெறுங்கண்ணுக்கு எட்டாது, நல்ல தொலைகாட்டியில் நான்கு உடுக்கள் கவைக்கோல் வடிவிற் காணப்படும். புகையேதுமில்லை.

இடம் ஐயமற்றது; பொருளின் இயல்போ அவ்வாறன்று. ஜோன் ஹேர்ஷல் இதனை ஓர் உடுக்கூட்டமெனக் கொள்ளலாமோவென ஐயுற்றார். எனினும் 1864இல் வெளியிட்ட தம் பெரும்பட்டியலில் இடமளித்தார். டிரையர் 1888இல் தொகுத்த புதிய பொதுப்பட்டியலில் இது 6994ஆம் இலக்கம் பெற்றது. மிக வறிய கூட்டம், செறிவு மிகக் குறைவு, புகை இல்லை என்பதே ஆங்குள்ள குறிப்பு. ஐயம் சுருங்கிற்று, இலக்கம் நிலைத்தது. பட்டியல்களின் இயல்பு அதுவே போலும்.

மெய்யான உடுக்கூட்டத்தின் உறுப்புக்கள் ஒரே முகிலிற் பிறந்தவை. ஆகவே ஏறத்தாழ ஒரே தொலைவில், ஒரே போக்கில் இயங்குவன. இவ்வளவைகொண்டு சோதித்தலே தக்க வழியாகும். எனினும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள் தம்முள் மாறுபட்டன: ஒன்று இதனை முதிர்ந்து சிதைந்த கூட்டமொன்றின் எச்சமென்றது, மற்றது கூட்டமே அன்றென்றது. 2002இல் ஒடன்கேர்ச்சன், சூபிரான் என்போர் இப்பகுதியின் ஒளிமிக்க ஆறு உடுக்களின் நிறமாலைகளை நுணுகி ஆராய்ந்தனர். தொலைவுகளும் வேறாயின, நம்மை நோக்கியும் விலகியும் செல்லும் வேகங்களும் வேறாயின. ஒன்றன்பின் ஒன்றாய் வெகுதொலைவில் நிற்கும் உடுக்கள் நம் பார்வைக்கோட்டில் தற்செயலாக அருகருகே தோன்றுகின்றன என்பதே அவர் முடிபு.

இதனால் மெசியே பிழைத்தாரெனல் பொருந்தாது. அவர் வினா, இவை உடன்பிறந்தனவா என்பதன்று. வால்வெள்ளியென்று ஏமாற்றக் கூடியனவா என்பதே. அவ்வினாவுக்கு 73ஆம் பதிவு தக்க விடையேயாம். உடுக்கூட்டம் என்னுஞ் சொல்லுக்கு ஒரே பிறப்பு, ஒரே போக்கு என்னும் பொருள் ஏறியது பிற்காலத்திலேயாகும்.