பிரீ: இல்லாத ஊரின் வரலாறு



உலகப்படத்தில் இல்லாத ஓர் ஊருக்கு வரலாறு இருக்க முடியுமா? முடியும் என்பதற்குப் 'பிரீ' என்னும் சிற்றூர் சான்று. ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய மொழியறிஞர் டோல்கியன், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புதினத்தில் படைத்த ஊர் அது.

கிழக்கு மேற்காகச் செல்லும் பெருவழியும் வடக்கு தெற்காகச் செல்லும் பழஞ்சாலையும் கூடும் இடத்தில், ஒரு குன்றின் அடிவாரத்தில் பிரீ அமைந்துள்ளது. அங்குள்ள கல்வீடுகள் ஏறத்தாழ நூறு. அகழியும் வேலியும் ஊரைக் காக்கின்றன. இரவில் வாயில்கள் அடைக்கப்படுகின்றன. மனிதரும் 'ஹாபிட்' எனும் குறுமாந்தரும் அங்கு இணங்கி வாழ்கின்றனர். வழிப்போக்கர் தங்கும் விடுதியே ஊராருக்குச் செய்திக்களம்.

ஊரின் பெயரிலேயே வரலாறு உண்டு. 'பிரீ' என்பது குன்றைக் குறிக்கும் பழைய கெல்டியச் சொல். இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் 'பிரில்' என்னும் உண்மையான ஊர் உள்ளது. பின்வந்தோர் அச்சொல்லின் பொருளறியாமல் தம் மொழியிலும் 'குன்று' எனச் சேர்த்ததால், அவ்வூர்ப் பெயர் 'குன்றுக்குன்று' என்றாயிற்று!

கதையின்படி, வடக்கே இருந்த அரசு வீழ்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. நடமாட்டம் குறைந்து பழஞ்சாலையில் புல் மண்டியது. மக்கள் அதனைப் 'பசும்பாதை' என்றழைத்தனர். ஓர் அரசின் வீழ்ச்சியை ஒரு சாலையின் பெயர் சொல்லிவிடுகிறது.

அவ்வரச மரபினரின் வழிவந்த காவலர் சிலர், அழுக்கடைந்த உடையுடன் விடுதிக்கு வந்துபோவர். ஊரார் அவர்களை நாடோடிகள் என ஐயுற்றனர். போரின் பொருட்டு அவர்கள் தெற்கே சென்றபின், கயவர் ஊருக்குள் புகுந்தனர். நிகழ்ந்த மோதலில் ஊரார் ஐவர் மாண்டனர், வணிகமும் நலிந்தது. இத்தனைக் காலமும் தம்மைக் காத்தவர் யாரென்று விடுதிக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது.

நம் மாணவரிடம் இரவுச் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், விற்கப்படும் பொருள்களைப் பட்டியலிடுவர். அந்தச் சந்தை அவ்விடத்தில் ஏன் கூடுகிறது? அவ்விடத்தின் பெயருக்குப் பொருள் என்ன? விடிவதற்குள் அவ்விடத்தைத் தூய்மை செய்து செல்பவர் யாவர்? இவ்வினாக்களையும் கேட்கப் பழக்குவோம். கற்பனை வளரும், கண்ணெதிரே இருந்தும் நாம் காணாத மனிதர்மீது மதிப்பும் வளரும்.