உப்பும் நுண்மியும்: ஓர் அழுத்தத்தின் வரலாறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தைக் கடந்து செல்பவர் கண்ணில் உப்பளங்கள் படாமல் போகா. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் பலவாறு காட்டுகின்றன. உப்பின் வரலாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன வணிகம், வரி, 1930ஆம் ஆண்டின் வேதாரண்யம், பின்னர் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. ஆனால் உப்புக்கு நாம் அதிகம் பேசாத இன்னொரு வரலாறும் இருக்கிறது. வைரஸ் ஒரு செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்னும் கேள்விக்கு இயற்பியல் வழியே கிடைத்த முதல் தடயங்களுள் ஒன்று உப்புநீரிலிருந்து வந்தது.

அதைப் புரிந்துகொள்ள நெய்தல் நில மக்கள் நெடுங்காலமாக அறிந்த ஓர் உண்மை போதும். உப்பிட்ட மீன் கருவாடாகிறது. மீனின் உடலிலுள்ள நீரை வெளியேயுள்ள உப்பு இழுத்துக்கொள்கிறது. மெல்லிய சவ்வு ஒன்றின் இருபுறமும் உப்பின் அளவு வேறுபட்டால், குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் பாயும். பாடநூல்கள் இதைச் சவ்வூடுபரவல் என்கின்றன. பாயும் நீர் ஓர் அழுத்தத்தையும் உண்டாக்குகிறது. இவ்வழுத்தமே நம் கதையின் நாயகன்.

கதையின் தொடக்கத்தில் இந்தியா இருக்கிறது. 1896இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை யமுனை நீரில் காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிவதாகவும், நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் போய்விடுவதாகவும் பாரிஸின் பாஸ்டர் நிறுவன இதழில் எழுதினார். அது வைரஸின் வேலைதானா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடில்லை. பாக்டீரியாவைப் பற்றும் வைரஸுக்கு 1917இல் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயரிட்ட ஃபெலிக்ஸ் தெரெல், அதைக் காலராவுக்கு மருந்தாக்கும் முயற்சியில் 1927இல் இந்தியாவுக்கே வந்தார். தமிழில் அதனைப் 'பாக்டீரியத் தின்னி' எனலாம். எனினும் அன்று எவருக்கும் அது எவ்வாறு 'தின்கிறது' என்பது தெரியாது. கண்ணுக்கெட்டாத ஓர் உயிரி பாக்டீரியாவைக் கடித்துக் குதறுவதாகவே கற்பனை செய்தார்கள். பெயரிலேயே பற்கள் இருந்தன.

அக்கற்பனையைத் திருத்தியது ஓர் எளிய சோதனை. 1949-50இல் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ஆண்டர்சன், இவ்வைரஸ்களைச் செறிந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துத் திடீரென்று நன்னீரைச் சேர்த்தார். வைரஸின் தலை உடைந்து, உள்ளிருந்த டி.என்.ஏ. வெளியே கொட்டிவிட்டது. எஞ்சியவை வெற்றுக் கூடுகள். அதே உப்புநீரில் நன்னீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்தபோது வைரஸ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பு வெளியேற அவகாசம் கிடைத்தால் பிழைக்கும். நீர் முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்தால் வெடிக்கும்.

அடுத்து வந்த ரோஜர் ஹெரியட் 1951இல் அவ்வெற்றுக் கூடுகளும் பாக்டீரியாவில் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்வதைக் கண்டார். ஆனால் அவை பெருகவில்லை. வைரஸ் ஒரு சிறிய மருந்தூசியைப்போல் இயங்கக்கூடும் என்று ஆல்ஃப்ரெட் ஹெர்ஷிக்குக் கடிதம் எழுதினார். 1952இல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் ஆண்டர்சனின் உப்புநீர் முறையையும் சமையலறை மிக்ஸி போன்ற ஒரு கருவியையும் பயன்படுத்தி, பாக்டீரியாவுக்குள் செல்வது பெரும்பாலும் டி.என்.ஏ. மட்டுமே, புரதக்கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ. என்னும் கருத்து உறுதிப்பட்ட இடங்களுள் அது ஒன்று.

ஊசி சரி, அதை அழுத்தும் விரல் எது? இதற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. லாம்டா என்னும் வைரஸின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 16 மைக்ரோமீட்டர் வரும். அது அடைபட்டுள்ள கூடோ அந்நீளத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு அகலமே உடையது. வளைய மறுக்கும் விறைப்பும், ஒரே மின்சுமை கொண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதும் சேர்ந்து உள்ளே பேரழுத்தம் உருவாகிறது. 2001இல் வேறொரு வைரஸின் கூட்டுக்குள் டி.என்.ஏ. திணிக்கப்படும் விசையை அளந்தவர்கள், அழுத்தம் 60 வளிமண்டலம் அளவுக்கு உயரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு கார் டயரில் அடைக்கும் காற்று ஏறத்தாழ இரண்டு வளிமண்டலமே. 2003இல் எவிலெவிச்சும் அவர் தோழர்களும் சவ்வூடுபரவல் அழுத்தத்தையே எதிர் விசையாக்கினார்கள்: வெளியே அழுத்தம் ஏற ஏற லாம்டா உமிழும் டி.என்.ஏ.வின் அளவு குறைந்தது. 20 வளிமண்டலத்தை ஒட்டி முற்றிலும் நின்றது.

இதில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவ்வழுத்தம் வைரஸ் ஈட்டியதன்று. வைரஸுக்குச் செரிமானமில்லை, மூச்சில்லை. அது பிறந்த முந்தைய செல்லின் ஆற்றலைச் செலவிட்டே டி.என்.ஏ. கூட்டுக்குள் திணிக்கப்பட்டது. இறந்துபோன வீட்டின் சொத்தை மடியில் கட்டிக்கொண்டு, கதவு தட்டுப்படும்வரை அலையில் மிதக்கும் ஒரு பொட்டலம் அது.

மரக்காணம் போன்ற உப்பளங்களுக்கு இப்போது திரும்பலாம். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு; பாத்தியில் உப்பு விளையும் தறுவாயில் அது இருபத்தைந்து பங்குக்கு மேல். அந்நீரிலும் உயிர் உண்டு. உலகெங்கும் உப்புப் பாத்திகளில் படரும் செம்மைக்கு உப்பை நாடி வாழும் நுண்ணுயிர்கள் காரணம். வெளியுப்புக்கு ஈடாகத் தம்முள்ளும் பொட்டாசியம் உப்பை நிறைத்துக்கொண்டு அவை சமநிலை காக்கின்றன. அவற்றுள் பல நன்னீரில் விட்டால் வெடித்துக் கரையும். இவற்றுக்கும் வைரஸ்கள் உண்டு என்பதை நார்வேயின் டோர்ஸ்விக், டுண்டாஸ் இருவரும் 1974இல் அறிவித்தார்கள். ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் பின்னர் எண்ணியபோது, உப்பு மிகுந்த பாத்திகளில் ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி அளவில் வைரஸ்கள் காணப்பட்டன.

அவ்விருவரே 1980இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. உப்பு நிறைந்த நீரில் அவ்வைரஸ் நுண்ணுயிரோடு கொல்லாமல் நெடுநாள் உடன் வாழ்ந்தது. உப்புக் குறைந்தபோதுதான் கொன்று பெருகியது. ஐப்பசி மழை பாத்திகளில் இறங்கி உப்புத்தொழில் நின்றுபோகும் நாட்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கவேண்டும். தொழிலாளிக்கு வேலை இல்லாமற்போகும் அதே மழையில் கண்ணுக்குத் தெரியாத அவ்வுலகின் உடன்படிக்கையும் குலையக்கூடும். அங்கே பகையில்லை, வஞ்சமில்லை. நீரும் உப்பும் வகுக்கும் நியதி மட்டுமே.

எல்லா வைரஸ்களும் ஊசிகளல்ல. இன்ஃபுளுவென்சாவும் கொரோனாவும் கொழுப்புறை போர்த்தியவை. செல்லின் சவ்வோடு தம் உறையை இணைத்து நுழைபவை. ஆனால் அங்கும் அடிப்படை ஒன்றே. அவற்றின் மேற்பரப்புப் புரதம் இழுத்துப் பூட்டிய சுருள்வில்லைப் போன்றது. உரிய ஏற்பியைத் தொட்டபின், உரிய சூழலில், பூட்டு விடுபட்டு வில் விரிகிறது. உறை குலைந்தால் வில்லுக்கு வேலையில்லை. சோப்பின் ஆற்றல் அதுதான்.

இதையெல்லாம் நாம் அறிந்திருந்தும் 2020இல் நம் மொழி போர்க்களத்தையே நாடியது. தாக்குதல், ஊடுருவல், கொடிய எதிரி என்றே எழுதினோம். நச்சுயிரி, தீநுண்மி என்ற பெயர்களிலும் நஞ்சும் தீமையும் ஏறியிருந்தன. இலத்தீன் மூலச் சொல்லே நஞ்சைக் குறிப்பதுதான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எதிரி என்று பெயரிட்டபின் எதிரிக்கு முகம் தேடுவது மனித இயல்பு. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் தம் கைகளால் மண் தள்ளிப் புதைக்க நேர்ந்தது. இறந்தவர் உடலிலிருந்து எவருக்கும் தொற்றியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தது. அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கத் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவரவேண்டியதாயிற்று.

புதைத்த மண்ணைப் பிளந்து வீடு தேடி வரும் பகைவன் எவனும் அங்கே இல்லை. ஓடவும் ஒளியவும் தெரியாத, தொடுகைக்குக் காத்திருக்கும் அழுத்தமோ வில்லோதான் உண்டு. அதற்கு விலகி நிற்பது அறிவு. இறந்தவருக்கு மண் மறுப்பது அறிவின்மை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சொற்களை அறிவியலார் மட்டும் உருவாக்கிவிட முடியாது. அது தமிழ் எழுதுவோர் கடன். உப்பைப் பற்றி ஈராயிரம் ஆண்டு பாடிய மொழிக்கு அது இயலாத காரியமும் அன்று.