பச்சை மரமும் பள்ளிக்கூடமும்

கைத்தொழிலைப் பள்ளியில் கற்பிக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் மக்களிடையே ஓர் ஐயமும் உடன் எழுகின்றது. "கருவியைக் கீழே வைத்துவிட்டு ஏட்டைக் கையில் எடுக்க நமக்கு எத்தனை தலைமுறைகள் ஆயின! மறுபடியும் கருவியையா பிள்ளைகள் கையில் கொடுப்பது?" என்று நம் பெரியோர் வினவுகின்றனர். பட்டறிவிலிருந்து பிறந்த கேள்வி இது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. விடை காண வரலாற்றைத்தான் நாட வேண்டும். எல்லாத் தொழில்களையும் ஆராய இம்மலரில் இடமில்லை. ஆதலின், பச்சை மரவேலை என்னும் ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்கிலாந்திலும் சுவீடனிலும் அது அடைந்த நிலையை முதலில் நோக்குவோம். பின்னர் நம் மாநிலத்தின் அனுபவத்தை அதனோடு ஒப்பிடுவோம்.

பச்சை மரவேலையாவது யாது?

தச்சர் பெரும்பாலும் மரத்தை அறுத்து, நெடுநாள் உலர்த்தி, பதமான பின்னரே பயன்படுத்துவர். பச்சை மரவேலையில் வெட்டிய மரத்தின் ஈரம் காயுமுன்பே வேலை தொடங்கிவிடும். ஈரமரம் உளிக்கு எளிதில் இணங்கும். மரத்தை இரம்பத்தால் அறுக்காமல், ஆப்பு அடித்து நார் ஓடும் போக்கிலேயே பிளப்பர். நார் இடையில் அறுபடாமையால் மெல்லிய காலும் பெரும்பாரம் தாங்கும்.

பிளந்த துண்டை முதலில் இருகைப்பிடிக் கத்தியால் சீவிக் கடைசலில் ஏற்றுவர். அக்கடைசலுக்கு மின்விசை வேண்டா. தலைக்கு மேலே வளையும் கழி ஒன்று. காலடியில் மிதிகட்டை ஒன்று. இரண்டையும் இணைக்கும் கயிறு மரத்துண்டை ஒரு சுற்றுச் சுற்றிச் செல்லும். மிதித்தால் துண்டு தொழிலாளியை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். காலைத் தளர்த்தினால் கழி கயிற்றை மேலே இழுக்கும். துண்டு பின்னோக்கிச் சுழலும்.

ஈரமரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையினும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். வட்டமாகக் கடைந்தது காய்ந்தபின் சற்றே முட்டை வடிவாகும். இவ்வியல்பையே தொழிலாளர் தமக்குத் துணையாக்கிக்கொண்டனர். நன்கு உலர்ந்த குறுக்குக் கட்டையை, ஈரம் எஞ்சிய நாற்காலிக் காலின் துளையில் அடித்து இறக்குவர். கால் காயக் காயத் துளை இறுகிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். ஏட்டறிவு மறுக்கப்பட்டவர் கைகளில் இத்துணை நுட்பமான அறிவு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நம் சிற்றூர்களில் மூங்கிலைப் பச்சையாக இருக்கும்போதே வகிர்ந்து கூடை முடைவோரிடமும் இவ்வறிவே உள்ளது.

இங்கிலாந்து: குடும்பத்தோடு முடிந்த கலை

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் பீச்சு மரக்காடுகள் மிகுதி. அக்காடுகளிலேயே குடிசை போட்டு, நாற்காலிக் கால்களைப் பச்சை மரத்தில் கடைந்தவர்களைப் 'பாட்ஜர்' என்று அழைத்தனர். கால்களைக் கடைவதே அவர்கள் வேலை. அவற்றை இணைத்து நாற்காலியாக்கும் தொழிற்சாலைகள் ஐ விக்கம் நகரில் இருந்தன. 1875 அளவில் அந்நகரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டதாக மதிப்பிட்டுள்ளனர். அத்தனை நாற்காலிகளும் நின்றது காட்டுத் தொழிலாளர் கடைந்த கால்களின்மீதுதான். பின்னர் இயந்திரக் கடைசல்கள் பெருகின. காட்டுக் கடைசல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. இறுதிவரை இத்தொழிலைச் செய்தவர்களுள் ஒருவரான சாமுவேல் ராக்கால் 1962இல் மறைந்தார்.

பெர்க்சயர் மாவட்டத்துப் பக்கிள்பரி என்னும் ஊரில் சார்ச்சு லெய்லி என்பவர் மரக்கிண்ணங்கள் கடைந்தார். எல்ம் மரத்தின் ஒரே கட்டையிலிருந்து, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களைக் கடைந்தெடுப்பது அவரது தனித்திறமை. பாட்டனும் தந்தையும் செய்த தொழில் அது. 1958இல் அவர் மறைந்தபோது அக்கலையைக் கற்றுக்கொண்ட மாணாக்கர் ஒருவரும் இலர். அவருடைய கடைசலும் கருவிகளும் ரெடிங் நகரின் ஊரக வாழ்க்கை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பல்லாண்டுகள் கழித்து ராபின் உட் என்பவர் அக்கலையைக் கற்க விரும்பியபோது, கற்பிக்க உயிருள்ள ஆசான் இல்லை. அருங்காட்சியகத்திலிருந்த கருவிகளை ஆராய்ந்து, தாமே செய்து பார்த்துக் கற்க வேண்டியதாயிற்று.

மலிவான இயந்திரப் பொருள்கள் அத்தொழிலின் சந்தையைப் பறித்தன என்பது உண்மையே. ஆயினும், சந்தை போனபின்னும் அறிவு எஞ்சியிருக்கலாம். அது குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டமையால் குடும்பத்தின் கடைசி மனிதரோடு முடிந்தது. பிற்காலத்தில் அதனை மீட்டவர்கள் விரும்பி வந்த வெளியாரே ஆவர். மைக் ஆபட் என்பவர் காட்டுக்குள்ளேயே வகுப்புகள் நடத்தி, 1989இல் பச்சை மரவேலை குறித்து நூலும் வெளியிட்டார். கழிக் கடைசல் தொழிலாளர் சங்கம் 1990இல் தோன்றிற்று. கற்க வந்தவரிடம் தந்தை என்ன தொழில் செய்தார் என்று எவரும் கேட்கவில்லை.

சுவீடன்: ஊருக்குப் பொதுவான கல்வி

வடபுலத்து உழவர் நீண்ட குளிர்காலங்களில் வீட்டிலிருந்தே கரண்டி, கிண்ணம், கருவிப்பிடி ஆகியவற்றைச் செதுக்கினர். இதற்குச் 'சுலாய்டு' என்று பெயர். தொழிற்சாலைகள் பெருகியபோது இதுவும் அழியும் நிலைக்கு வந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயசு என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866இல் கைவேலை பொதுப்பள்ளிகளில் பாடமாயிற்று. சுவீடனில் ஆட்டோ சாலமன் (1849–1907) என்பவர், நேஸ் என்னும் ஊரில் தம் மாமன் ஆபிரகாம்சன் அளித்த பொருளுதவியுடன், 1870களில் கைவேலை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கு வந்து பயின்றனர். நம் நாட்டிலிருந்து தாகூரின் நிறுவனத்தைச் சார்ந்த இலட்சுமீசுவர் சின்கா என்னும் ஆசிரியரும் 1920களின் இறுதியில் சுவீடன் சென்று இக்கல்வியைக் கற்றார்.

சாலமன் வகுத்த நெறிகள் நம் கவனத்துக்கு உரியவை. பிள்ளை முதலில் கத்தியைப் பிடிக்கக் கற்க வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். கற்பிப்பவர் வெறும் தொழிலாளியாக இராமல் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைத் தச்சனாக்குவது நோக்கமாகாது. உடலுழைப்பை மதிக்கும் மனிதனாக்குவதே நோக்கம். நிலக்கிழார் மகனும் கூலியாள் மகனும் ஒரே பலகையருகில் நின்று ஒரே கத்தியைப் பிடித்தால், உழைப்பில் இழிவு காணும் எண்ணம் எங்ஙனம் நிலைக்கும்? இன்றும் சுவீடனில் ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி மாணவர் அனைவர்க்கும் இது கட்டாயப் பாடமாகவே உள்ளது.

நம் மாநிலம்: பிறப்பால் பூட்டிய கதவு

இனி நம் மண்ணுக்கு வருவோம். சாதி, தொழிலைப் பிறப்போடு பிணைத்து, ஒருவரது திறமைக்கும் விருப்பத்துக்கும் அங்கு இடமில்லாமற் செய்துவிட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் விளக்கினார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக்கல்வி பிறந்தது. கைத்தொழிலை நடுவாக வைத்து ஏழாண்டுக் கல்வி தருவது அதன் கருத்து. ஆனால் 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த திட்டம் வேறு வகையானது. சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் எனப்பட்டது. பெரியாரும் பிறரும் இதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர்.

தச்சர் மகன் தச்சு கற்பான். கொல்லர் மகன் உலையருகில் நிற்பான். பண்ணையாளின் மகனுக்கு அந்தப் பிற்பகல் எதைக் கற்பித்திருக்கும்? ஆண்டையின் மாட்டை மேய்ப்பதைத் தவிர வேறு என்ன? நகரத்துப் பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி, சிற்றூர்ப் பிள்ளைக்கு அரைநேரப் பள்ளி என்ற அந்த ஏற்பாட்டில் நம் மக்கள் இழக்கவிருந்தது, அப்போதுதான் கைக்கு எட்டிய எழுத்தையே. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இக்கேள்வி அன்றோடு முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பர் 17ஆம் நாள் நடுவண் அரசு 18 கைத்தொழில்களுக்கான விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குமாறு கோரிய தமிழக அரசு, அத்திட்டத்தை அன்றைய வடிவில் ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் அறிவித்தது. குடும்பத்தொழில் என்னும் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் இங்குத் தொடங்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய அளவுகோல்கள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நம் கேள்விக்கு விடை கிடைக்கின்றது. உளி ஒருவரையும் அடிமையாக்குவதில்லை. இன்னார் மகன்தான் உளி பிடிக்க வேண்டும், அவன் ஏடு பிடிக்கலாகாது என்ற கட்டளையே அடிமையாக்குகின்றது. ஆகவே, கைத்தொழிற் கல்வி என்று எவர் கொண்டுவந்தாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டா? ஊர்த்தெருவின் பிள்ளையும் சேரியின் பிள்ளையும், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் கற்றாலன்றி நாம் ஏற்கலாகாது. இரண்டாவது, இது எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய நேரத்தைக் குறைக்கின்றதா? குறைக்குமாயின் ஒரு நாழிகையும் விட்டுக்கொடுத்தல் கூடாது. மூன்றாவது, கற்ற பிள்ளை மேற்படிப்புக்குச் செல்லும் வழி திறந்திருக்கின்றதா?

இம்மூன்றுக்கும் விடை நன்றாக இருப்பின் தயங்க வேண்டியதில்லை. மூங்கில் வகிரும் முதியவரையும், ஏர்க்கலப்பை செதுக்கிய முதியவரையும் பள்ளிக்கு அழைத்து வருவோம். அவருக்கு நாற்காலி இட்டு, 'ஐயா' என்று விளித்து, உரிய ஊதியமும் தருவோம். மரம் ஏன் ஒரு திசையில் மிகுதியாகச் சுருங்குகிறது என்பதை அறிவியல் ஆசிரியர் அவர் அருகிலேயே நின்று விளக்கட்டும். தம் பாட்டன் அறிந்திருந்ததும் அறிவே என்பதை நம் பிள்ளைகள் அன்று உணர்வார்கள். நம்மைத் தாழ்வாக எண்ணிய வீட்டுப் பிள்ளைகளும் அவர்முன் மாணவராய் அமர்வார்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்து உயர்த்திய நம் கல்விக் கழகம், அவ்வேட்டை ஒருநாளும் கீழே வைக்கவிடாமல், விரும்பிய கைகளில் விரும்பிய கருவியையும் கொடுக்கும் பணியில் இறங்குமாக. கழகம் பொன்விழாவும் கண்டு நீடு வாழ்க!