ஒரு வீட்டுச் செட்டும் ஓர் ஊரின் காதும்

சேலை வாங்க முதல் துணியைத் தடவிப் பார்க்கலாம். சைக்கிள் வாங்க முதல் ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாம். பாட்டுக் கேட்கிற செட்டை அப்படி மதிப்பிடுவது கஷ்டம். பெட்டியில் இத்தனை வாட்ஸ் எண்டு அடிச்சிருக்கும். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் உங்கட நெஞ்சில் எப்படி வந்து இறங்கும் எண்டு அந்த எண் சொல்லாது. கடையில் நல்லாய்க் கேட்டது வீட்டுக்கு வந்ததும் வேற மாதிரிக் கேட்கும், ஏனெண்டால் கடைச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒண்டில்லை. அதனால்தான் செட் வாங்கப் போகிறவர் விளம்பரத்தையும் கடைக்காரரையும் விட, ஏற்கனவே ஒன்று வாங்கிவிட்ட சிநேகிதரின் வீட்டில் தன் காதால் கேட்டதை நம்புகிறார்.

இதைச் சின்ன விசயம் என்று விட்டுவிடலாம். ஒலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். 1877 இல் எடிசனின் ஃபோனோகிராஃப், 1948 இல் எல்.பி. இசைத்தட்டு, 1963 இல் பிலிப்ஸ் கசற், 1979 இல் சொனி வோக்மன் என்று ஆண்டுகள் வரிசையாக வரும். அந்தப் பொருள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போனது என்பது வராது. யாழ்ப்பாணத்தின் கதையை எழுதும்போது இதை விட்டால் இன்னொன்றும் சேர்ந்து விடுபடும்: யார் யாருடைய வீட்டுக்குள் போகக்கூடியதாக இருந்தது என்பது.

வரைபடம் பார்த்துப் பூட்டிய காலம்

ஹைஃபை என்றால் மூல ஒலிக்கு முடிந்தவரை விசுவாசமாக இருக்கும் ஒலி. அது கடைப் பொருளாகப் பரவ முதல் ஒரு பைத்தியமாக, நல்ல அர்த்தத்தில்தான், பரவியது. 1947 இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரித்தானிய சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்ற பொறியியலாளர் ஓர் அம்பிளிபயரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட்ஸ் வலு, ஒலித்திரிபு 0.1 வீதத்துக்கும் குறைவு. வாசித்தவர்கள் வால்வுகளையும் ட்ரான்ஸ்ஃபோமரையும் தேடிப் பிடித்து வீட்டு மேசையில் வைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். பல நாடுகளில் அதைச் செய்தார்கள். 0.1 வீதம் என்பது தாளில் வெறும் எண். பூட்டி முடித்தவரின் வீட்டில் போய் இருந்து கேட்டால்தான் அது என்னவென்று மற்றவருக்கு விளங்கும். விளங்கினால் அவரும் வரைபடத்தைக் கேட்பார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு வியாபாரி வாஃபடேல் ஸ்பீக்கர்களைத் தயாரித்த ஜி. ஏ. பிரிக்ஸ். 1954 இல் லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தை எடுத்து, மேடையில் கலைஞர்களை வாசிக்க வைத்தார். பிறகு பதிவு செய்ததைத் தன் ஸ்பீக்கர்களில் போட்டார். சனம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விட்டார். ஒரு சிநேகிதரின் விறாந்தையில் நடப்பதை அவர் பெரிய மண்டபத்தில் செய்து காட்டினார், அவ்வளவுதான்.

அதே 1954 இல் அமெரிக்காவில் வில்லியம் எச். வைட் 'ஃபோர்ச்சூன்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஃபிலடெல்ஃபியாவில் ஒரே மாதிரியான வீடுகள் வரிசை வரிசையாக இருந்த ஒரு பகுதியில், எந்த வீட்டு யன்னலில் குளிரூட்டி இருக்கிறது என்று பார்த்தார். வீடும் வருமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் ஒரு வரிசையில் குளிரூட்டிகள் நெருக்கமாக இருந்தன, பக்கத்து வரிசையில் அருமையாக இருந்தன. யார் யாரோடு கதைத்தார்கள் என்பதே அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்றார் அவர். அடுத்த வருடம் வெளிவந்த காட்ஸ், லாசர்ஸ்ஃபெல்ட் இருவரின் ஆய்வுநூலும் இதே பக்கம்தான் கை காட்டியது. இலினோயிலுள்ள டெக்கேற்றர் என்ற நகரில் சுமார் 800 பெண்களிடம் கேட்டதில், என்ன வாங்குவது, எந்தப் படம் பார்ப்பது போன்ற முடிவுகளில் பத்திரிகையையும் வானொலியையும் விடத் தெரிந்தவர்களின் பேச்சே கூடுதலாக வேலை செய்திருந்தது.

குளிரூட்டியைப் பற்றி யாராவது கதைக்க வேண்டும். பாட்டுச் செட்டுக்கு அதுவும் தேவையில்லை, அது தானே மதிலைத் தாண்டிப் போகும்.

ஆசை இருந்தது, பொருள் இல்லை

எங்கட பக்கத்தில் இந்தக் கதை வானொலியோடு தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படையினருக்காக இயங்கிய ரேடியோ சியாக்கின் ஒலிபரப்பு வசதிகள் 1949 இல் இலங்கையிடம் வர, அது ரேடியோ சிலோன் ஆனது. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 இல் பி. வி. கேஸ்கர் அமைச்சராக வந்தபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்க, தமிழ்நாட்டுச் சனமும் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பியது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் இரண்டு கரையிலும் வீட்டுக் குரலானது.

ஆனால் எல்லா வீட்டிலும் வானொலி இருக்கவில்லை. வால்வு றேடியோ ஒரு தளபாடம் மாதிரி, பெரிசு, விலை. ஊரில் ஒன்றிரண்டு வீட்டில் இருக்கும், சங்கத்திலோ வாசிகசாலையிலோ இருக்கும், தேநீர்க் கடையில் இருக்கும். கேட்டவர்களுக்கு ஆசை வந்தாலும் ஆசைப்பட்ட எல்லாரும் வாங்க வழி இல்லை. அறுபதுகளில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1970 க்குப் பிறகு இன்னும் இறுகின. ஒரு வீட்டுச் செட் சிநேகிதரை வாங்கத் தூண்ட வேண்டுமென்றால் சந்தையில் பொருள் இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத காலத்தில் அந்தத் தூண்டல் ஆசையாக மட்டும் சேர்ந்து கிடந்தது.

இரண்டு ஸ்பீக்கர் வந்த பிறகு

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது தொடங்கியது. விடுமுறையில் வந்தவர்களின் பெட்டியில் வானொலியும் கசற்றும் சேர்ந்த 'டூ இன் வன்' வந்தது. நாஷனல், சொனி, சான்யோ, ஷார்ப் எல்லாம் ஊர்ப் பெயர்கள் மாதிரி வாயில் புழங்கின. 'பிரியா' (1978) படப் பாடல்கள் தமிழில் முதன்முதல் ஸ்ரீரியோவில் பதிவானவை என்று பரவலாகச் சொல்வார்கள். ஸ்ரீரியோவை வார்த்தையில் விளங்கப்படுத்த ஏலாது. ஒரு பக்கத்தால் கிற்றார், மற்றப் பக்கத்தால் வயலின், நடுவில் பாடுகிறவர் நிற்கிற மாதிரி ஒரு உணர்வு. அதைச் சிநேகிதரின் அறையில் ஒரு தரம் கேட்டவருக்குத் தன் வீட்டு ஒற்றை ஸ்பீக்கர் அண்டைக்கே பழசாகிவிடும். நேற்றுவரை நல்லாய் இருந்த செட்டில் ஒரு குறையும் வந்திருக்காது, கேட்கிற காது மாறியிருக்கும்.

அந்த அறையில் இருந்து கேட்டவர் திரும்பிப் போகும்போது மூன்று விசயங்களைக் கொண்டு போனார்.

முதலாவது, மார்க். "அவன்ர நாஷனல் இவ்வளவு காலமும் ஒரு பிழையும் விடேல்லை" என்ற ஒரு வசனத்துக்கு முன்னால் எந்த விளம்பரமும் நிற்காது. திருத்துகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதும் அதே மார்க் ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். ஆகவே முதலாவது ஆளின் தெரிவு இரண்டாவது ஆளுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, கைப்பழக்கம். ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறது, சத்தம் மங்கினால் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி ஹெட்டை நேராக்கிறது, சிக்கின நாடாவைப் பென்சில் விட்டுச் சுத்துகிறது. எல்லாவற்றையும் செட்டோடு வந்த புத்தகத்தை விடச் சிநேகிதரிடமிருந்துதான் பழகினார்கள்.

மூன்றாவது, பாட்டு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ரெக்கோடிங் பாருக்கு வெறும் கசற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொண்டுபோனால் பதிந்து தருவார்கள். சி-60 என்றால் ஒரு மணித்தியாலம், சி-90 என்றால் ஒன்றரை. பட்டியல் எழுதுவதும், அதைக் கைமாற்றுவதும், மாற்றிப் பதிவதும் ஒரு நட்பின் வேலை. சிநேகிதரின் கசற் உங்கட வீட்டில் ஓட வேண்டுமென்றால் உங்களிடமும் கசற் செட் வேண்டும். அவரிடம் இரண்டு கசற் போடுகிற செட் இருந்தால் உங்களிடம் ஒற்றைச் செட் இருந்தாலும் சமாளிக்கலாம், பதிவதற்கு அவரிடம் போகலாம். ஒருவர் வாங்கியது மற்றவர் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்ற இரண்டையும் தீர்மானித்தது இப்படித்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இதுவரை 'சிநேகிதரின் அறை' என்று லேசாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அறைக்குள் எல்லாரும் போகவில்லை.

1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள் இருந்து தேநீர் குடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. கடைக்குள் இருக்க விடாத இடத்தில், கடையின் றேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பதும் இல்லை. வீட்டு முற்றத்தோடு மறிக்கப்பட்டவருக்கு விறாந்தைச் செட்டின் சத்தம் வந்திருக்கும். முள்ளைத் திருப்புகிற உரிமை வந்திருக்காது. ஒலி வேலியைத் தாண்டும், அதனால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம் என்று சொல்லிவிடலாம். கேட்ட இடம் ஒன்றில்லை. ஹெட் துடைக்கப் பழகுவதும், எந்த மார்க் என்று தட்டிப் பார்த்துக் கேட்பதும் வேலிக்கு உள்ளே நடந்த விசயங்கள்.

பெண்களுக்கும் இன்னொரு வேலி இருந்தது. பெடியள் பின்னேரத்தில் கூடியிருந்து செட்டைப் பற்றிக் கதைப்பார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் அதே பாட்டைக் குசினியிலிருந்து கேட்டிருப்பார்கள். அம்மாவிடம் உங்கட வீட்டு முதல் செட்டை ஆர் தெரிஞ்சது எண்டு கேட்டேன். "அண்ணாவும் அவற்ற கூட்டாளியளும்" எண்டார். ஆர் கனக்கக் கேட்டது எண்டதுக்கு, "நாங்கள்தான்" எண்டார்.

டைனமோவின் காலம்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. ஊரே பார்த்து ஆசைப்பட்ட பெரிய செட்டுகள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாயின. இப்போது எல்லாரும் தேடியது சின்ன ட்ரான்சிஸ்டர் றேடியோவை. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட்ஸ்தான் தரும். பெரிய ஸ்ரீரியோ செட்டுக்கு அது காணாது, சின்ன றேடியோவுக்குத் தாராளம். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்ட மின், றேடியோவுக்குத் தேவை நேரோட்ட மின். நாலு டயோட்டையும் ஒரு கொள்ளளவியையும் போட்டு அதை மாற்றலாம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார், மற்றவர்கள் காதைக் குடுப்பார்கள்.

முதலில் இதைச் செய்து பார்த்தவரின் வீட்டுக்கு மற்றவர்கள் போனார்கள். பார்த்துவிட்டு வந்து தங்கள் வீட்டில் செய்தார்கள். வில்லியம்சனின் வரைபடம் போன பாதைதான் இதுவும். அங்கே கூடியிருந்து கேட்டது பாட்டு மட்டுமில்லை. பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் செய்தி, எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கு என்பதெல்லாம்தான். சத்தம் சுத்தமாய் வருகிறதா என்ற கேள்வி போய், விசயம் விளங்குகிறதா என்ற கேள்வி வந்தது. ஒரு வீட்டுச் செட் அடுத்த வீட்டுக்குக் கடத்தியவற்றிலேயே பெறுமதியானது அந்த நாலு டயோட் வித்தை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்றைக்கு ஹொஸ்டலில் ஒருவரின் அறைக்கு புளூடூத் ஸ்பீக்கர் வந்தால் அடுத்த மாதம் அதே ஸ்பீக்கர் இன்னும் இரண்டு அறையில் இருக்கும். யூரியூப்பில் எத்தனை விமர்சனம் பார்த்தாலும் அந்த ஸ்பீக்கரின் சத்தத்தை உங்கட ஃபோனின் ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள். அதனால் இப்பவும் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம்.

பழைய செட்டுகள் போர் இடப்பெயர்வுகளில் போனதுபோக, மிச்சமும் பழைய இரும்போடு போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கோ. உங்களிடம் என்ன செட் இருந்தது என்று மட்டும் கேட்டால் ஒரு மார்க்கின் பெயர்தான் கிடைக்கும். முதன்முதல் ஆருடைய வீட்டில் கேட்டீர்கள், அந்த வீட்டில் எங்கே இருந்து கேட்டீர்கள் என்றும் கேளுங்கோ.