பத்து காஜாச் சிறையில் ஒரு தாதி

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்தெண்ணினார். 'உழை' என்பது பக்கம். பக்கத்திருந்து பேணுவோனே உழைச்செல்வான். அவனுக்குப் பரிமேலழகர் கூறும் இயல்புகள் நான்கு: நோயாளியிடத்து அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. தமிழகத்தார் செவிலியர் என்றும் மலேசியத் தமிழர் தாதியர் என்றும் வழங்குவது இத்தொழிலினரையே. மருத்துவர் சொன்னதைச் செய்பவரே தாதி என்று மூன்றாம் இயல்பை மட்டும் கொண்டு பேசுவோர் பலர். அது எத்துணைக் குறைபட்ட கருத்து என்பதைப் பத்து காஜா வட்டாரத்து வரலாறொன்று காட்டும்.

சிபில் கார்த்திகேசு அம்மையார் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில், ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பமொன்றிற் பிறந்தார். தாயார் மருத்துவச்சி, மகளும் தாதித் தொழிலும் பேறுகாலப் பணியும் பயின்றார். 1919இல் இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தார். 1926 முதல் ஈப்போவில் புருஸ்டர் சாலை 141ஆம் எண் மனையில் இருவரும் மருத்துவ நிலையம் நடத்தினர். அம்மையார் கந்தோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். இதனைச் சிறு செய்தியென ஒதுக்கலாகாது. நோயைத் தன் மொழியிற் சொல்ல இயலாத நோயாளி பாதி ஊமையன்றோ?

1941 இறுதியில் சப்பானியப் படை மலாயாவுள் நுழைந்தது. குடும்பம் பத்து காஜாவுக்கு அண்மையிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. (மலாய்மொழியில் 'பாப்பான்' என்றால் பலகை.) ஊரின் பெருந்தெருவில் 74ஆம் எண் வீடு. பகலில் ஊரார் வந்தனர். இரவில், சப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடியவர்கள் பின்வாயில் வழியே புண்பட்டு வந்தனர். வந்தவர் யாரென அறிந்தே அம்மையார் மருத்துவம் செய்தார். அதற்கு ஆணையிட்ட மேலதிகாரி எவருமில்லை. மறுப்பதற்கோ வேண்டிய காரணங்கள் இருந்தன. ஒளித்து வைத்த வானொலியில் இலண்டன் செய்தி கேட்டதும் அவர் செய்த மற்றொரு 'குற்றம்'.

1943இல் அம்மையாரும் கணவரும் வளர்ப்பு மகனும் பிடிபட்டனர். சப்பானிய இராணுவப் போலீசார் வேண்டியது, உதவி பெற்றோர் பற்றிய செய்தி. அடியும் உதையும் பயன்படாமற்போகவே, இளைய மகளை மரத்திற் கட்டித் தொங்கவிட்டு அச்சுறுத்தினர். அம்மையார் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. முதுகெலும்பு சிதைந்து, நடக்கவியலாத நிலையில் பத்து காஜாச் சிறையிற் கிடந்தவர், 1945இல் சப்பான் பணிந்த பின்னரே வெளிவந்தார். சிகிச்சைக்காக இங்கிலாந்து கொண்டுசெல்லப்பட்டார். வீரத்துக்குரிய ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். தாடைப் புண் நஞ்சேறியதால் 1948 ஜூன் 12இல் ஸ்காட்லாந்தில் காலமானார். 1949இல் அவருடல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டது. அவர் வரைந்த நினைவுக் குறிப்புகள் 1954இல் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் நூலாயின.

மலாயாவில் தாதியர் சட்டம் பிறந்த ஆண்டு 1950. தாதியரைச் சட்டப்படி பதிவு செய்யும் முறையை நியூசிலாந்து 1901இலேயே தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1919இலும் சென்னை மாகாணத்தில் 1926இலும் சட்டங்கள் எழுந்தன. பதிவேடு என்பது வெறும் பெயர்ப்பட்டியலன்று. மருத்துவருக்கு உதவியாளர் என்ற நிலை மாறி, தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கும் தொழிலராகத் தாதியர் கருதப்பட்டமைக்கு அது சான்று. அப்பொறுப்பைச் சட்டம் வருமுன்னரே பாப்பான் வீட்டில் ஒருவர் ஏற்றிருந்தார்.

தோட்டங்களில் மருந்து கொடுப்பவர் பெரும்பாலும் டிரெஸர் என்னும் ஆடவரே. அச்சூழலில் வளர்ந்த பெண்களுக்குத் தாதிக் கல்வி புதியதொரு வாயிலாயிற்று. இன்று பள்ளிப்படிப்பு முடித்தவர் மூன்றாண்டு டிப்ளோமா கற்று, தாதியர் வாரியத் தேர்விலும் தேறிப் பதிவு பெறுகிறார். தொழிற் சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஈப்போவில் ஒரு சாலைக்கு அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பாப்பானின் 74ஆம் எண் வீடு நினைவில்லமாயிற்று.