கேஸ் அடுப்பில் புகை வராது... ஆனால் மாசு வருமா? பெசன்ட் நகர் கிச்சன் முதல் மின் நிலையம் வரை

கடல் காற்று நேராக வந்து வீசும் ஏரியா பெசன்ட் நகர். இங்கே காற்று மாசு என்றால் வண்டிப் புகையும், குப்பை எரிப்பதும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வீட்டுக்குள் எரியும் நீல நிற கேஸ் தீயை யாரும் சந்தேகப்படுவதில்லை. சென்னையில் சிலிண்டருக்குப் பதிலாக குழாய் வழி இயற்கை எரிவாயு வரத் தொடங்கியுள்ள நிலையில், இந்த 'சுத்தமான எரிபொருள்' உண்மையில் எவ்வளவு சுத்தம்? பார்க்கலாம்.

குழாயில் வருவது என்ன?

சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களின் கலவை. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் இதை விநியோகிக்கும் உரிமை டோரண்ட் கேஸ் நிறுவனத்திடம் உள்ளது. கப்பலில் திரவமாக வரும் எரிவாயுவை மீண்டும் வாயுவாக மாற்றும் இந்தியன் ஆயில் முனையம், எண்ணூரில் 2019 முதல் இயங்குகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது.

புகையே இல்லையே, மாசு எப்படி?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தீயின் கடும் வெப்பத்தில் இது ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. அதாவது, கேஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காற்றில் இருந்தே இந்த மாசு உருவாகும். எல்பிஜி அடுப்பிலும் இதே கதைதான்.

இதில் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு தொந்தரவு அதிகம். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேர சராசரியாக 25 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல். வெளிக்காற்றுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 80.

41 ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வெளியான ஒரு அலசல், கேஸில் சமைக்கும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 சதவீதம் அதிகம் என்றது. கேஸ்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் ஏசிக்காக ஜன்னலை எல்லாம் மூடி வைக்கும் ஃபிளாட்டுகள் யோசிக்க வேண்டிய தகவல் இது.

அப்போ விறகு அடுப்பே மேலா?

நிச்சயமாக இல்லை. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி நடந்தது நம் தமிழ்நாட்டில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் பங்களிப்போடு. 2022ல் வெளியான முடிவின்படி, விறகு போன்றவற்றில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு சுமார் 70 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 24 ஆக இருந்தது. விறகோடு ஒப்பிட்டால் கேஸ் பல மடங்கு மேல். ஆனால் 'மாசே இல்லை' என்பது சரியல்ல.

மின் நிலையங்களில் என்ன நிலை?

தமிழ்நாட்டில் குத்தாலம், வழுதூர், கோவில்களப்பாலில் அரசின் எரிவாயு மின் நிலையங்கள் உள்ளன. நிலக்கரி போல இங்கே சாம்பல் கிடையாது, கந்தக டை ஆக்சைடும் மிகக் குறைவு. ஒரு யூனிட் கரண்டுக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழ பாதிதான். எண்ணூர் பக்கம் நிலக்கரிச் சாம்பலோடு வாழும் மக்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் இங்கேயும் உண்டு. புகைபோக்கி வழியே வெளியேறி, வெயிலில் மற்ற வாயுக்களுடன் சேர்ந்து ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாறும். இன்னொரு சிக்கல், எரியாமல் கசியும் மீத்தேன். 20 ஆண்டு கணக்கில் பார்த்தால் இது கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 80 மடங்கு அதிகமாக பூமியைச் சூடாக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். கடல் காற்று இருக்கும் ஏரியாவில் இது இலவச மருந்து.
* கிச்சன் சிம்னியின் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். வாயுக்களைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும்.
* தீ தொடர்ந்து மஞ்சளாக எரிந்தால் பர்னரை சுத்தம் செய்யுங்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும்.
* காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே பறிக்கும்.
* வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், பால் காய்ச்சுவது, வெந்நீர் வைப்பது போன்ற வேலைகளையாவது இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றலாம்.

சிலிண்டரோ குழாயோ, எதுவாக இருந்தாலும் கேஸ் எரிந்தால் அதன் வாயு எங்காவது போக வேண்டும். மின் நிலையத்துக்கு உயரமான புகைபோக்கி இருக்கிறது. உங்கள் கிச்சனுக்கு இருப்பது ஜன்னல்தான்.